இரண்டு வாசல் வைத்த பள்ளம்

இரட்டைக் கிணறு, அரிசோனா
14 நவம்பர் 1965

அன்புள்ள எம்மெட் அண்ணாவுக்கு,

தங்கை வெர்லீன் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். மழை வரப்போகிறது என்று அப்பாவின் முழங்கால் வாரத்துக்கு ஒரு தடவை சொல்கிறது, மழைக்குத்தான் அது தெரிவதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கிறாயா?

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நம் ஊருக்கும் மேட்டு வாய்க்கால் ஊருக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டே, சின்ன வயதில் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து சறுக்குவோமே, அதைத் தோண்ட ஆட்கள் வந்திருக்கிறார்கள். தலைவர் ஹால்வர்சன் என்று ஒரு பேராசிரியர். நமக்கு முன்னால் இங்கே இருந்து தீர்ந்துபோன ஹுஹுகம் மக்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பு அதில் பந்து விளையாடினார்களாம். நாம் சறுக்கிய இரண்டு நீளக் கரைகளும் தோண்டிய மண்ணைக் குவித்துக் கட்டியவையாம். வடக்கு நுனியும் தெற்கு நுனியும் வாசல் மாதிரித் திறந்திருக்கின்றன. என் வேலை, கிடைக்கிற பானை ஓடுகளைக் கழுவி எண் எழுதுவது. மாவு பிசைந்த கை, இப்போது மண் கழுவுகிறது.

நம் ஊரிலிருந்து பத்துப் பேர், மேட்டு வாய்க்காலிலிருந்து பத்துப் பேர் தோண்டுகிறார்கள். முதல் நாள் அப்பா மண்வாரியைத் தூக்கிக்கொண்டு தெற்கு நுனிக்கு நடந்தார். சிப்ரியானோ மாமா வடக்கு நுனிக்கு நடந்தார். மற்றவர்கள் அவரவர் ஊர்க்காரருக்குப் பின்னால் போய்விட்டார்கள். யாரும் பிரித்துவிடவில்லை.

ஆமாம், சிப்ரியானோ மாமாவும் வந்திருக்கிறார். மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? வாய்க்கால் பாலத்தில் தூசிப்புயலில் உன் வண்டி புரண்டு நாலு வருஷம் ஆகிறது. உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்து அன்றே உயிர்விட்டவனின் அப்பா அவர். அன்றிலிருந்து நம் அப்பாவிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் நீ ஊருக்கு வந்திருப்பாய் என்று நான் நினைப்பதுண்டு.

அவர் மனைவி லவீனா அத்தையைக் கடையில் பார்த்தேன். மகனுடைய கட்டில், சேணம், பூட்ஸ் எல்லாவற்றையும் அப்போதே எரித்துவிட்டார்கள் அல்லவா? பேஸ்பால் கையுறை மட்டும் கிடைக்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் இன்னும் கேட்கிறாள். அது எரியாமல் அவன் எப்படிப் போய்ச் சேருவான் என்பது அவள் கவலை. உன் வண்டியில் பார்த்த ஞாபகம் உண்டா?

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.
வெர்லீன்


ஓக்லாண்ட், கலிபோர்னியா
5 டிசம்பர் 1965

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். இங்கே தினமும் மூடுபனி. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். வெல்டிங் பட்டறையில் பொறி பட்டுச் சட்டையின் ஒரு கையில் ஓட்டை விழுந்துவிட்டது, கோபிக்காதே. பட்டறைக்கு நாற்பது நிமிஷம் நடை. நல்ல உடற்பயிற்சி.

அந்தப் பள்ளம் மழைத்தண்ணீர் தேக்குகிற குட்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பந்து விளையாட்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எவ்வளவு நீளம்? தரை கெட்டியா, மணலா? மணலாக இருந்தால் பந்து எழும்பாது. கேட்டு எழுது.

அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அவர் குனிந்து தோண்டாமல் பார்த்துக்கொள்.

எம்மெட்


இரட்டைக் கிணறு
19 டிசம்பர் 1965

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். தைலம் வந்தது. அப்பா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். உன் இருமல் போய்விட்டதா? இருமல் என்று நீ எழுதவில்லை, ஆனால் மூடுபனி என்று எழுதினால் இருமல் என்று எனக்குத் தெரியும்.

பள்ளம் ஐம்பத்தைந்து காலடி நீளம். நான் நடந்து அளந்தேன். தரை மணல் இல்லை. கெட்டியான சுண்ணாம்பு மண்ணை நனைத்துத் தட்டி மெழுகியிருக்கிறார்கள், நம் வீட்டுத் தரையை விட வழவழப்பு. தெற்கு நுனியில் ஒரு கல் நட்டிருக்கிறது. வடக்கில் ஒன்று. நடுவிலும் ஒன்று இருக்கவேண்டும் என்கிறார் பேராசிரியர். தெற்கு ஆட்களும் வடக்கு ஆட்களும் அதை நோக்கித்தான் தோண்டிக்கொண்டு வருகிறார்கள்.

உன் குட்டையை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். தண்ணீர் நின்ற இடம் என்றால் அடியில் வண்டல் படிந்திருக்கும், இங்கே இல்லை, அதோடு இரண்டு நுனியும் திறந்த குட்டையில் எப்படித் தண்ணீர் நிற்கும் என்று கேட்டார். உன் சார்பில் நான் தோற்றுவிட்டு வந்தேன். போன வாரம் ஃபீனிக்ஸிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி இது நடனமேடை என்று சாதித்தாள். ஆடுபவர்கள் கீழே, பார்ப்பவர்கள் கரைமேல். ஆடிக் காட்டவும் செய்தாள். நம் ஆட்கள் யாரும் சிரிக்காமல் மண்வாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்களிடம் கேட்டால் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறோம். தீர்ந்துபோனவர்களின் விஷயத்தில் தலையிட்டால் உடம்புக்கு வரும் என்று அப்பா எலும்பு தென்பட்ட பக்கம் போகவே மாட்டேனென்று முதலிலேயே பேசிக்கொண்டுதான் வேலைக்கு வந்தார்.

இரண்டு விஷயம். பஸ் ஓடுகிற ஊரில் நாற்பது நிமிஷம் எதற்கு நடக்கிறாய்? பட்டறையில் யாரும் உன்னை வண்டியில் ஏற்றிக்கொள்வதில்லையா, நீ ஏறுவதில்லையா? இன்னொன்று, கையுறையைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

வெர்லீன்


ஓக்லாண்ட்
9 ஜனவரி 1966

அன்புத் தங்கைக்கு,

உங்கள் இருவரின் சுகத்துக்கும் வேண்டுகிறேன். இருமல் போய்விட்டது.

கெட்டித் தரை, இரண்டு பக்கமும் சரிவு, நுனிகளில் கல். பந்து வெளியே போகாமல் கரையில் ஏறித் திரும்பி உள்ளேயே வரும். பேராசிரியர் சொல்வது சரி என்று படுகிறது. நேர்ச்சுவர் கட்டாமல் சரிவாக விட்டதில் விஷயம் இருக்கிறது. ஒரு பந்தை உருட்டிப் பார்க்கச் சொல்.

இங்கே எங்கள் மேஸ்திரியின் அம்மா இறந்துபோனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஒவ்வொருவரும் எழுந்து அந்த அம்மாளின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசினார்கள். பெரிய படம் வைத்திருந்தார்கள். இறந்தவர் பெயரை வாயால் சொல்லாத ஊரில் வளர்ந்தவன், எனக்கு முதலில் உடம்பெல்லாம் கூசியது. பிறகு பார்த்தால் மேஸ்திரி சிரிக்கிறார், அழுகிறார், எல்லோர் கையையும் பிடித்துக்கொள்கிறார். பெயரைச் சொல்லச் சொல்ல அவருக்குப் பாரம் குறைந்தது. இவர்களுக்கு அது நல்லதாகத்தான் இருக்கிறது.

பஸ்ஸில் கூட்டம். அதனால்தான் நடை.

எம்மெட்


இரட்டைக் கிணறு
23 ஜனவரி 1966

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உன் சுகமும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். பஸ்ஸில் கூட்டம் என்பதையும் எடுத்துக்கொள்கிறேன், வேறு வழி?

பந்தை உருட்டினோம். பேராசிரியர் எங்கிருந்தோ ஒரு ரப்பர் பந்து கொண்டுவந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் ஆட்கள் தெற்கிலும் அவர்கள் வடக்கிலும் நின்றார்கள். நடுவில் தோண்டாத மண் மேடாக இருந்ததால் அதைத் தாண்டி எறிய வேண்டியிருந்தது. நீ சொன்னபடி கரையில் ஏறியது, இறங்கியது, உள்ளேயே நின்றது. கால் மணி நேரத்தில் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருவர் ஓடினார். பெயர் சொல்லமாட்டேன், என் அப்பாவாயிற்றே.

சிப்ரியானோ மாமா விளையாடவில்லை. நான் ஓடு கழுவுகிற கூடாரத்துக்கு வந்து தண்ணீர் கேட்டார். நாலு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. குடித்துவிட்டு அங்கேயே நின்றார். தன் இளவயதில் ஊருக்கு ஊர் கட்டைப்பந்தை உதைத்துக்கொண்டு ஓடும் பந்தயத்தில் ஓடியவராம். பந்தயத்துக்கு அழைக்க ஒரு ஊர் இன்னொரு ஊருக்குக் குச்சிக்கட்டு அனுப்புமாம். தினம் ஒரு குச்சியை எறிந்துவிடவேண்டும். கடைசிக் குச்சி அன்று போய் நிற்கவேண்டும். குச்சி வந்த பிறகு போகாமலிருந்தால் அதைவிட அவமானம் இல்லையாம்.

பிறகு பள்ளத்தைக் காட்டிச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நம்ம ஊருக்குள்ளயே விளையாடணும்னா தெருவே போதும். இதுக்கு ஏன் ரெண்டு வாசல் வெச்சான்? மனஸ்தாபம் இருக்கிற ரெண்டு ஊருக்காரன் சந்திக்க வேற இடம் இல்லம்மா. அவன் அந்த வாசலா வருவான், இவன் இந்த வாசலா வருவான். யாரும் யார் வீட்டுப் படியும் ஏற வேணாம். பந்து ஒரு சாக்கு."

இதைப் பேராசிரியரிடம் சொல்லட்டுமா என்றேன். அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே, அவரே கண்டுபிடிக்கட்டும் என்றார். போகும்போது திரும்பிப் பார்க்காமல், "உங்கண்ணன் இன்னும் கலிபோர்னியாவுலதான் இருக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான்.

அண்ணா, அவர் உன்னைக் கேட்டார். இதற்குமேல் நான் என்ன எழுதுவது?

வெர்லீன்


ஓக்லாண்ட்
30 ஜனவரி 1966

அன்புத் தங்கைக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன். உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். இதோடு சிப்ரியானோ மாமாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவருக்குப் படிக்க வராது. நீ நேரில் போய் வாசித்துக் காட்டு. உறையைப் பிரிக்காமல் கொண்டுபோ. மூன்று நாள் யோசித்து எழுதினேன். நல்ல விதமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

எம்மெட்

மரியாதைக்குரிய சிப்ரியானோ மாமாவுக்கும் லவீனா அத்தைக்கும்,

எம்மெட் எழுதுவது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் மகன் டெல்பர்ட்டை நான் மறக்கவில்லை. நாலு வருஷமாக தினமும் காலையில் எழுந்ததும் டெல்பர்ட் என்று ஒரு தடவை சொல்கிறேன். டெல்பர்ட்டின் கையுறை என்னிடம்தான் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன். தோல் வெடித்துவிடாமல் வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். இப்போதும் போட்டுக்கொண்டு ஆடலாம், அவ்வளவு நன்றாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன். என்னை மன்னியுங்கள்.

எம்மெட்


இரட்டைக் கிணறு
13 பிப்ரவரி 1966

அண்ணாவுக்கு,

அப்பா சுகம். நானும் நோய் இல்லாமல் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். லவீனா அத்தை அடுப்பில் அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். மாமா எதிரே உட்கார்ந்தார். நான் உறையைப் பிரித்துச் சுகம் விசாரித்த வரியைப் படித்தேன். அடுத்த வரியைப் பார்த்ததும் வாய் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

"மாமா, இதுல பேரு எழுதியிருக்கு. விட்டுட்டுப் படிக்கட்டுமா?"

அவர் தன் தட்டை ஒரு பக்கம் தள்ளினார். "எழுதுனத படி. பாதிக் கடுதாசி எனக்கு வேணாம்."

படித்தேன். மூன்று தடவை அந்தப் பெயரை அந்த வீட்டுக்குள் நான் சொன்னேன். நாலு வருஷமாக யாரும் சொல்லாத பெயர். முதல் தடவையே அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். எண்ணெய் போட்டுத் துடைக்கிற இடம் வந்தபோது எழுந்து வெளியே போய் முற்றத்து வெயிலில் நின்றாள். அவரைக்கொட்டை அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான்தான் எழுந்து இறக்கி வைத்தேன்.

மாமா சத்தம் போடவில்லை. "தெனமும் கூப்பிடுறானா? கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவன் எப்படிம்மா போவான்? திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு வழியிலயே நிப்பான்" என்றார். பிறகு, "ஆடத் தயாரா வெச்சிருக்கானாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. அவர் ஆட்களும் வரவில்லை.

ஓக்லாண்ட் உனக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்தது சரி. மேஸ்திரியின் அம்மாவுக்குச் செய்ததை நம்மவர் சாவுக்குச் செய்யலாம் என்றும் கற்றுக்கொடுத்துவிட்டதா? இறந்தவனின் பொருளை வைத்திருந்ததே தப்பு, அதில் எண்ணெய் வேறு. அவள் கடைக்குக் கடை கேட்டுக்கொண்டு அலைந்ததை நான் உனக்கு எழுதியிருந்தேன். நீ பந்து எழும்புமா என்று கேட்டு எழுதினாய். எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்துக்கு இப்போது மேலே எழுத வரவில்லை.

வெர்லீன்


ஓக்லாண்ட்
20 பிப்ரவரி 1966

அன்புத் தங்கைக்கு,

கோபமாக இருப்பாய். உன் சுகத்தைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னை அனுப்பும்போது வண்டியில் கிடந்ததை எல்லாம் என்னுடையது என்று நினைத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். இங்கே வந்து பிரித்தபோதுதான் அது உள்ளே இருந்தது. அன்றே அனுப்பியிருக்கவேண்டும். அனுப்பினால், என்னிடம் இருந்தது என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் தள்ளினேன். ஒரு வருஷம் ஆனது. எரிக்கலாம் என்றால் எரிக்கிற உரிமை எனக்கு இல்லை. தூக்கிப்போடக் கை வரவில்லை. தோல் வெடித்துப்போய் அதைத் திருப்பிக்கொடுத்தால் அலட்சியமாக வைத்திருந்தேன் என்று நினைப்பார்களே என்றுதான் எண்ணெய் போட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. காலியாகத்தான் போகிறது. நான் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. இங்கே வந்த பஸ்தான் நான் கடைசியாக ஏறியது.

காலையில் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

எம்மெட்


ஓக்லாண்ட்
6 மார்ச் 1966

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டுமாவது ஒரு கார்டில் எழுது. வேலையை நிறுத்திவிட்டார்களா?

நான் சுகம்.

எம்மெட்


இரட்டைக் கிணறு
20 மார்ச் 1966

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா சுகம். நானும் சுகம். எழுதாததற்குக் காரணம் கோபம் பாதி, எழுத ஒன்றும் இல்லாதது பாதி. இப்போது எழுத இருக்கிறது. இதோடு வருகிற சின்னப் பொட்டலத்தை அவசரப்பட்டுப் பிரிக்காதே, முதலில் இதைப் படி.

வடக்கு ஆட்கள் வராமல் போனதும் பேராசிரியர் தன் மாணவர்களை அந்தப் பக்கம் இறக்கினார். அவர்கள் பாதி தூரம் வந்தார்கள். நம் அப்பா நடுவுக்கு நாலு தப்படி இருக்கும்போது மண்வாரியைச் சாய்த்து வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், நடுவில் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் பொது, அந்தப் பக்கத்து ஆள் வராமல் நான் தொடமாட்டேன் என்றார். மாணவர்களையும் தொட விடவில்லை. முழங்காலில் உட்கார்ந்து தோண்டிய தரையையே மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் அண்ணா. துரத்திவிடப் போகிறார்கள் என்று பயந்தேன். பேராசிரியர் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

இது மேட்டு வாய்க்காலுக்குப் போகாமல் இருக்குமா? போன திங்கள் காலையில் சிப்ரியானோ மாமா வந்தார். கூடாரத்தில் நின்று, "உங்கப்பன் ஒரு மாசமா பெருக்கிக்கிட்டே இருக்கானாமே. தரை தேய்ஞ்சிடப் போகுது" என்றார். தன் மண்வாரியை எடுத்துக்கொண்டு வடக்கு வாசலுக்குச் சுற்றிப் போனார். குறுக்கே இறங்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் நடுவுக்கு வந்தார்கள். கல் இருந்தது. முழங்கை உயரம், சாதாரணக் கல், ஒரு செதுக்கல்கூட இல்லை. இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து கையாலேயே மண்ணை வழித்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. அப்பா தன் தண்ணீர்க் குடுவையை எடுத்துக் குடித்துவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். மாமா அதை எடுத்துக் குடித்தார். நான் கையிலிருந்த ஓட்டில் தப்பான எண்ணை எழுதிவிட்டேன்.

இன்று காலை மாமா நம் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டு இந்தப் பொட்டலத்தைக் கொடுத்தார். அதில் பன்னிரண்டு குச்சிகள் இருக்கின்றன. அவர் செதுக்கியவை. கட்டியிருக்கிற சிவப்பு நூல் அத்தையின் நூல், எனக்கு அடையாளம் தெரியும். அவர் சொன்னது இது.

"கடைசிக் குச்சி அன்னிக்குக் காலையில அவன் தெக்கு வாசலா வரட்டும். நான் வடக்க நிப்பேன். அத அவன் கையாலயே கொண்டு வரணும், தபால்ல வேணாம். பேரு சொல்ல வேணாம், மன்னிப்பும் கேக்க வேணாம். வந்தா போதும்."

நாளைக்கு ஒரு குச்சி போகும். நீ பிரிக்கிற நாளுக்குத் தக்கபடி கழித்துக்கொள். மாத முடிவில் பள்ளத்தை மறுபடி மண் போட்டு மூடுவதாக இருந்தார்கள், கெடாமல் இருக்க. ஏப்ரல் இரண்டு வரை பொறுக்கும்படி பேராசிரியரைக் கேட்டேன். எதற்கு என்றார். எங்கள் ஆட்களுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பஸ்ஸில் ஏறவேண்டும் அண்ணா. ஆயிரம் மைலுக்கு நடக்க முடியாது. குச்சி பன்னிரண்டுதான்.

வெர்லீன்


ஓக்லாண்ட்
24 மார்ச் 1966

அன்புத் தங்கைக்கு,

அப்பாவின் சுகத்துக்கும் உன் சுகத்துக்கும் வேண்டுகிறேன். பொட்டலம் இன்று வந்தது. நாலு குச்சிகளை எறிந்தேன். எட்டு இருக்கின்றன. எங்கே எறிவது என்று தெரியாமல் வளைகுடாத் தண்ணீரில் போட்டேன், தப்பில்லையே?

பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டேன். இரண்டு குச்சி மிச்சம் இருக்கும்போது கிளம்புகிறேன். இன்று பஸ் நிலையத்துக்குப் போய் நின்ற பஸ்ஸில் ஏறி ஒரு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். டிரைவர் எங்கே போகவேண்டும் என்றார். இன்றைக்கு இல்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன். உட்கார முடிகிறது.

கையுறையைத் துடைக்கவில்லை. இருந்தபடி ஒரு சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது வெர்லீன். வருகிறேன்.

எம்மெட்


இரட்டைக் கிணறு
24 ஏப்ரல் 1966

அன்புள்ள அண்ணாவுக்கு,

பட்டறைக்குத் திரும்பியிருப்பாய். நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? நாங்கள் சுகம். கள்ளிமொட்டு பறிக்கிற காலம், என் விரலெல்லாம் முள். உனக்கு ஒரு பை காயவைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா உன் தைலத்தைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்.

நீ இருந்த ஐந்து நாளில் நான் உன்னிடம் கேட்காததைக் கடிதத்திலும் கேட்கப்போவதில்லை. நீ தெற்கு வாசலில் நுழைந்ததையும் அவர் வடக்கு வாசலில் நுழைந்ததையும் நாங்கள் கரைமேல் நின்று பார்த்தோம். கல்லுக்கு இரண்டு பக்கமும் வெகுநேரம் நின்றீர்கள். சாக்கை அவர் வாங்கியதைப் பார்த்தேன். மேற்கே பள்ளத்துக்கு வெளியே புகை எழுந்ததைப் பார்த்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலும் கரைமேல் நின்றவர்களுக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கும். ஃபீனிக்ஸ் அம்மாள் சொன்னதில் அது ஒன்று சரி.

பள்ளத்தை மூடிவிட்டார்கள். இரண்டு ஊர் ஆட்களும் கலந்து நின்றே மண்ணைத் தள்ளினார்கள். கரை மட்டும் தெரிகிறது. ஓடுகளைப் பெட்டியில் போடும்போது பேராசிரியரின் குறிப்பேடு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தேன். நீளம், அகலம், கல் மூன்று எல்லாம் எழுதியிருந்தார். பயன் என்ற இடத்தில் பந்து விளையாட்டு என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு, உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். ஏப்ரல் முதல் தேதி அவர் தன் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். நல்ல மனுஷன் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

நேற்று கடையில் லவீனா அத்தையைப் பார்த்தேன். மாவு வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். நாலு வருஷமாக அவள் கேட்டுவந்த கேள்விக்கு என் வாய் பழக்கத்தில் "இல்லை அத்தை" என்று சொல்லத் தயாரானது. அவள் அதைக் கேட்கவில்லை.

"உங்கண்ணன் மறுபடி எப்ப வர்றான்?" என்று கேட்டாள்.

என்ன சொல்ல, எழுது.

வெர்லீன்